பழைய கார் பட்டறை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், பழைய பிரிட்டிஷ் சொகுசுக் கார் வைத்திருப்போர் கேள்வி அனுப்பலாம் என்று எழுதியிருந்தோம். சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே பழுதைப் பலர் கேட்டிருந்தால் விரிவான ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வணக்கம். என் தாத்தா தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டியவர். இந்த வயதிலும் ரோட்டில் ஒரு பழைய ஜாகுவாரைப் பார்த்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறார். அந்தப் பணத்துக்குப் புதிய ஜப்பான் கார் வாங்கி நிம்மதியாக ஓட்டலாமே? அப்படி என்னதான் இருக்கிறது அதில்? – இளைஞர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் தாத்தா நின்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1968-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரின் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காயில் ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். அந்தப் பின்னமைப்பு முழுவதும் ஒரே கூண்டாக, ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. முன்பக்கமும் தனிச் சட்டத்தில் ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. டயரைக்கூட டன்லப் நிறுவனம் அந்தக் காருக்கென்றே செய்துகொடுத்தது. அதனால்தான் செம்மண் ரோட்டில் போனாலும் பின்சீட்டில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. தோட்டத்து டிரைவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபட்டிருக்கும்.

இன்ஜினையும் பாருங்கள். போர்க்காலத்தில் கோவென்ட்ரி ஆலையின் கூரைமேல் தீக்காவல் இருந்த இரவுகளில் வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களும் பேசிப் பேசி உருவாக்கியதுதான் எக்ஸ்கே இன்ஜின். 1948-இல் வெளிவந்தது, 1992 வரை உற்பத்தியில் இருந்தது. ஒரே அடிப்படை வடிவம் 44 ஆண்டு நிலைத்தது என்றால் அதைச் செய்தவர்களின் கைநேர்த்தியை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பெரிதாகத் தெரியும் காரணம் இன்னொன்று. இவை பிரித்துப் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கார்கள். தண்ணீர்ப் பம்ப் போனால் பம்பை மாற்றலாம், கார்புரேட்டரில் ஒரு ஊசி தேய்ந்தால் அந்த ஊசியை மட்டும் மாற்றலாம். மூடி முத்திரை வைத்த பெட்டி எதுவும் உள்ளே கிடையாது. நம் மலேசியாவிலும் பிரிட்டனிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான் என்பதால் அங்கிருந்து வரும் சாமான் நம் காரில் அப்படியே உட்காரும். நிம்மதிதான் வேண்டும் என்றால் புதிய கார் வாங்குங்கள், தவறே இல்லை. காரின் உள்ளும் புறமும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார்.

கேள்வி: என்னுடையது ஜாகுவார் எக்ஸ்ஜே6, சீரிஸ் 2, 4.2 லிட்டர். ஹைவேயில் நன்றாக ஓடுகிறது. ஈப்போ டவுன் ஜாமில் மாட்டினால் பத்தே நிமிடத்தில் முள் சிவப்பைத் தொடுகிறது. ஃபோர்மேன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். அதன் பிறகு இன்னும் மோசம். என்ன செய்யலாம்? – வாசகர், லிந்தாங்

பதில்: முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். "நம் நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று பலரும் கழற்றிவிடுகிறார்கள். எக்ஸ்கே இன்ஜினில் அது இரண்டு வேலை பார்க்கிறது. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது, அதே நேரத்தில் பைபாஸ் வழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பி, இன்ஜினையே சுற்றிச் சுற்றி வரும். வாங்கும்போது 82 டிகிரி என்ற எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பைபாஸை அடைக்கும் அமைப்பு உள்ள சரியான வகைதானா என்று பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

அடுத்து, முள் உண்மையைச் சொல்கிறதா என்று பாருங்கள். மீட்டரின் எர்த் கெட்டுப்போனால் முள் தானாக ஏறும். முள் சிவப்பில் இருக்கும்போது இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் மூடிக்கு நேரே பிடியுங்கள். 85, 90 டிகிரி காட்டினால் இன்ஜின் சரியாகவே இருக்கிறது, கோளாறு வயரிங்கில். 100-ஐத் தாண்டினால் மேலே படியுங்கள்.

ஹைவேயில் சரி, ஜாமில் கொதிப்பு என்றால் முதல் சந்தேகம் விசிறியின் விஸ்கஸ் கப்ளிங்மேல்தான், அதாவது விசிறியை இன்ஜினோடு பிணைக்கும் கெட்டித் திரவப் பிணைப்பின்மேல். இன்ஜின் நன்றாகச் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். சேற்றில் சுழல்வதுபோல் இழுத்துப் பிடித்தால் நல்லது. தட்டிவிட்டதும் நாலைந்து சுற்றுத் தானாக ஓடினால் கப்ளிங் செத்துவிட்டது. கூடவே ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏர்கோன் கண்டென்சரையும் கவனியுங்கள். தோட்டப்புறக் கார்களில் பூச்சி, செம்மண் புழுதி, செம்பனைத் தும்பு எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் நடுவில் ஒரு பாய்போலப் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்தால்தான் அது வெளியே வரும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும்.

இதிலும் தீராவிட்டால் இன்ஜின் பிளாக்குக்குள் சேறு. ஜாகுவாரில் சிலிண்டர் எண்ணிக்கை பின்னாலிருந்து தொடங்குகிறது. அந்த முதல் சிலிண்டரைச் சுற்றித்தான் துரு வண்டலாக இறங்கும். இன்ஜின் ஆறியபின் பிளாக்கின் பின்பகுதியில் உள்ள வடிகுழாயைத் திறங்கள். தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைத்துவிடாதீர்கள், வண்டல் அடைத்துக்கொண்டிருக்கும். குழாயையே கழற்றி எடுத்துவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுக் குத்துங்கள். முதலில் மஞ்சள் சேறு கூழாக வரும், பிறகு காபித் தூள் போன்ற துரு, அதன்பின்தான் தண்ணீர். தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்து, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மேல்பக்கமாகத் தோட்டக் குழாயை விட்டுத் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகும். அவசரப்படாதீர்கள்.

நிரப்பும்போது குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் பாதி, எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் பாதி. தயார்நிலையில் கலந்து வரும் கூலண்ட் என்றால் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். "இங்கே பனியா பெய்கிறது?" என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது பனித் தடுப்பு அல்ல, அரிப்புத் தடுப்பு. இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் வெறும் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் கரையும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. கொதித்துவிட்டால் ஓரம் கட்டி, அணைத்து, ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் கோணிவிடும், வெடிக்கவும் செய்யும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட்மேல் சந்தேகம் இருந்தால் காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் போய்விட்டது.

கேள்வி: அப்பாவின் ஜாகுவார் மார்க் 2 எங்கள் வீட்டில் நிற்கிறது. டேஷ்போர்டு மரம் வெளுத்து, ஒரு மூலையில் தோல்போல் உரிந்து எழும்புகிறது. சீட்டுத் தோலில் பச்சைப் பூஞ்சணம். தேங்காய் எண்ணெய் தடவினால் போகும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். செய்யலாமா? – ஆசிரியை, சலாக்

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம் அம்மா. இரண்டு நாள் பளபளக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணத்துக்கு அதுவே தீனி. டயர் பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கோன் திரவமும் கூடாது. அது தையலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு சாயம் ஒட்டாது.

வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தையல் ஓரத்துக்குப் பழைய பல்தூரிகை. பிறகு மிதமான சோப்பு நுரை, அதன்பின் வெறும் ஈரத்துணி. நான்கு கதவையும் திறந்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். மறுநாள் தோல் கிரீமை மெல்லியதாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

பூஞ்சணம் திரும்பத் திரும்ப வந்தால் ஈரம் தரையில் இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, அடியில் உள்ள சணல் மெத்தையை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அதை வெளியே எடுத்துக் காயவையுங்கள். கண்ணாடி ரப்பர் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு தோலைப் பற்றி அல்ல, தரைத் தகட்டில் விழுந்த ஓட்டையைப் பற்றிக் கேட்பீர்கள்.

மரத்துக்கு வருவோம். நீங்கள் பார்ப்பது முழு மரம் அல்ல, பலகையின்மேல் ஒட்டிய வால்நட் ஏடு. மேல்பூச்சு மட்டும் மங்கியிருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போட்டால் தெளியும். ஏடு எழும்பிய இடத்தில் சூப்பர் குளூ ஊற்றிவிடாதீர்கள். அது மரத்துக்குள் ஊறி, எந்தப் பூச்சும் மறைக்காத கறுப்புக் கறையாகும். ஊசிக்குழலில் மரப்பசையை எடுத்து ஏட்டுக்கு அடியில் விட்டு, மெழுகுத்தாள் வைத்து, தட்டையான கட்டையால் அழுத்திக் கவ்வி, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

முழுவதையும் புதிதாக ஒட்டவேண்டி வந்தால் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் எண் போடுங்கள். நல்ல வேலைக்காரர்கள் ஒரே மரத்தின் அடுத்தடுத்த ஏடுகளை எடுத்து, புத்தகத்தை விரித்துவைத்ததுபோல் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சித்திரம் வரும்படி ஒட்டுவார்கள். ஒரு துண்டை மட்டும் புது ஏட்டில் மாற்றினால் அந்தச் சித்திரம் அறுந்துவிடும். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த காரில் அப்படிச் செய்ய மனம் வராது.

கேள்வி: ரோவர் பி5பி, 3.5 லிட்டர் வி8. ரோன் 95 (95 ஆக்டேன்) பெட்ரோல் போடலாமா? – வாசகர், பிடோர்

பதில்: கூடாது. இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம், 10.5-க்கு 1. அந்தக் காலத்தில் 100 ஆக்டேன் பெட்ரோலுக்குச் செய்தது. ரோன் 97 போட்டு, இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, இரண்டு மூன்று டிகிரி பின்தள்ளுங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது மிதித்தால் கணகணவென்று சத்தம் வரக்கூடாது, அதுதான் அளவு. ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டைத் தின்றுவிடும் என்ற பயம் இந்தக் காருக்குத் தேவையில்லை. அலுமினிய ஹெட்டில் கடினமான சீட் வளையங்கள் ஏற்கெனவே பதித்திருக்கின்றன.

ஜாகுவார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஜின் எண்ணின் கடைசியில் 8 அல்லது 9 என்று தனியாக இருந்தால் அதுவே கம்ப்ரெஷன் அளவு. 9 என்றால் ரோன் 97 போடுங்கள்.

கேள்வி: கல்யாண வாடகைக்கு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ வைத்திருக்கிறோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அணைய வெகு நேரமாகிறது. சாதாரண பிரேக் எண்ணெய் ஊற்றினால் போதுமா? – சகோதரர்கள், கோலகங்சார்

பதில்: மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு இரண்டு டன்னுக்கு மேல் எடையோடு ஓடும் கார். பிரேக்கில் "போதுமா" என்ற கேள்விக்கே இடம் கொடுக்காதீர்கள்.

1965-இலிருந்து 1980 வரை வந்த ஷேடோவின் ஹைட்ராலிக் அமைப்பு சிட்ரோயன் உரிமத்தில் செய்தது. இன்ஜினின் கேம்ஷாஃப்ட் இயக்கும் இரண்டு பம்புகள் எண்ணெயை இரண்டு உருண்டைக் கலங்களுக்குள் உயர் அழுத்தத்தில் ஏற்றி வைக்கின்றன. அவற்றுக்குப் பெயர் அக்யுமுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு மறுபுறம் நைட்ரஜன் வாயு. கார் நின்றபின் மெல்ல அழுத்தம் இறங்குவது இயல்பு. காலையில் சிறிது நேரம் விளக்கு எரிவதும் இயல்புதான். வெகு நேரம் எரிந்தால் சோதித்துவிடுங்கள்.

இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள், எண்ணிக்கொண்டே வாருங்கள். நல்ல அக்யுமுலேட்டர் பல பத்து மிதிக்குத் தாங்கும். பத்து மிதிக்குள் விளக்கு எரிந்தால் நைட்ரஜன் போய்விட்டது, அந்தக் காரைக் கல்யாணத்துக்கு அனுப்பக்கூடாது.

எண்ணெய் விஷயத்தில் தவறினால் செலவு பயங்கரம். ஷேடோவுக்கு உரியது ஆர்ஆர்363. 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். இரண்டும் ரோல்ஸ் ராய்ஸ்தானே என்று ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி வீங்கும், முழு அமைப்பையும் பிரிக்க வேண்டிவரும். ஆர்ஆர்363 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் காற்றில் ஈரம் நிறைய, ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். சாயத்தின்மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சாயம் உரியும். எந்தக் குழாயைத் தளர்த்துவதானாலும் முன்னதாக அக்யுமுலேட்டரின் அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிடவேண்டும். உள்ளே 2,500 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் இருக்கும். மெல்லிய கீற்றாகப் பீய்ச்சினால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அக்யுமுலேட்டரைப் பற்றி முன்பே தெரிந்தவர் கையில் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறோம்: ஈர மாலையைப் பானட்மேல் செலோடேப் போட்டு ஒட்டவிடாதீர்கள். வெயிலில் டேப் பசை சாயத்தோடு சேர்ந்து இறுகிவிடும். மெத்தென்ற துணி உறைபோட்ட ரிப்பனில் கட்டி, மண்டபம் வந்ததும் அவிழ்த்துத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: மார்க் 2, 3.8 லிட்டர். சூடான பிறகும் கறுப்புப் புகை, பிளக்கெல்லாம் கரி. எஸ்யு கார்புரேட்டரை இரண்டு கடையில் டியூன் செய்தாகிவிட்டது. – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மூன்றாவது கடைக்குப் போகுமுன் காதைத் தீட்டுங்கள். இந்தக் காரில் இரண்டு பெரிய கார்புரேட்டர்களோடு, குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சிறிய துணைக் கார்புரேட்டர் ஒன்றும் உண்டு. தண்ணீரின் சூட்டை அறியும் ஒரு சுவிட்சு அதை இயக்குகிறது. சுமார் 35 டிகிரியில் அது அணைந்துவிடவேண்டும். நம் ஊரில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே அந்தச் சூடு வந்துவிடும். சுவிட்சு ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்கப் பெட்ரோல் கொட்டும். உஸ்ஸென்ற இரைச்சல் நிற்காமல் கேட்கும். இன்ஜின் சூடானபின் அதன் சொலினாய்டு வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்று ஓட்டம் மாறினால் திருடன் அகப்பட்டான். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெயையும் மாற்றுங்கள்.

சுவிட்சு சரியென்றால் டியூனிங்கைச் சோதியுங்கள். கார்புரேட்டரின் பிஸ்டனை அடியிலிருக்கும் ஊசியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அதே வேகத்தில் நீடித்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடி, பழைய நிலைக்கு வந்தால் சரி. பிஸ்டனைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது பெட்ரோலும் துணியும் மட்டும், உப்புத்தாள் படவே கூடாது. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதன் மூடிக்குள் போடாதீர்கள், அவை ஜோடி ஜோடியாகப் பொருத்தியவை.

13 மிமீ ஸ்பேனரையும் பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்தக் காரில் அரை அங்குலம், அதாவது 12.7 மிமீ. அந்தச் சின்ன இடைவெளியில்தான் போல்ட் தலை உருண்டுபோகிறது.

கேள்வி: முதல் பழைய பிரிட்டிஷ் கார் வாங்கப்போகிறேன். எதை வாங்கலாம், எங்கே பார்க்கவேண்டும்? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் சாலை வரியைக் கணக்குப் போடுங்கள். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 3000 சிசிக்கு மேல் 2,130 வெள்ளியோடு கூடுதல் சிசி ஒவ்வொன்றுக்கும் 4.50 வெள்ளி. 4235 சிசி எக்ஸ்ஜே6 என்றால் 7,687 வெள்ளி 50 சென். 6750 சிசி ரோல்ஸ் ராய்ஸ் என்றால் 19,005 வெள்ளி. பழமை வாகனங்களுக்கு நிபந்தனைகளோடு சலுகை உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தேர்வு டெய்ம்லர் 2.5 வி8. 1962-இலிருந்து 1969 வரை வந்தது. உடல் ஜாகுவார் மார்க் 2, இன்ஜின் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த 2548 சிசி வி8. பட்டுப்போல் ஓடும், வரியும் 1,000 வெள்ளிதான்.

பார்க்கப்போகும்போது காந்தம், டார்ச், பழைய சட்டை மூன்றும் வேண்டும். இன்ஜின் எத்தனை மோசமாக இருந்தாலும் சரிசெய்துவிடலாம், உடல் தகரம் போனால்தான் பணம் கரையும். முன் விங்குக்குள் சேசிஸ் நுனியைப் பிணைக்கும் தாங்குதகடு காகத்தின் கால்போல் விரிந்திருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் உட்காரும் பெட்டித் தகட்டுக்குள் செம்மண் சேறு ஏறி நிற்கும், அங்கேதான் உள்ளிருந்து துரு தின்னும். ஜாக் வைக்கும் இடங்களையும் விடாதீர்கள். எக்ஸ்ஜே6 என்றால் இரண்டு பெட்ரோல் டாங்கின் அடிப்பகுதி, பின் கண்ணாடியின் கீழ் ஓரம், பின்னச்சைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் தரையில் பூட்டியிருக்கும் இடம். சில்வர் ஷேடோவில் கதவிலும் பானட்டிலும் டிக்கி மூடியிலும் காந்தம் ஒட்டாது. பட்டி அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று பயந்துவிடாதீர்கள், அவை அலுமினியம்.

கடைசியாக, கிரானில் (வாகன உரிமைப் பத்திரத்தில்) உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எக்ஸ்கே இன்ஜினில் எண் பிளாக்கிலும் ஹெட்டிலும் தனித்தனியாக அடித்திருக்கும். பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் இன்ஜின் எண் ஒத்துப்போகாவிட்டால் மாதக்கணக்கில் அலைச்சல்.

கேள்வி: எக்ஸ்ஜே6 காரைக் கெட்டுவிடக்கூடாதென்று ஓட்டாமல் மூடி வைத்திருக்கிறேன். சரிதானே? – ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை ஐயா. ஓடாமல் நிற்பதுதான் இதற்கு வியாதி. பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலோடு ஒட்டி இருக்கிறது. நின்றால் டிஸ்க் துருப்பிடித்து பேட் ஒட்டிக்கொள்ளும். சீல் காய்ந்து எண்ணெய் டிஸ்க்மேல் கசியும். அதைச் சரிசெய்யப் பின்கூண்டு முழுவதையும் இறக்கவேண்டி வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரமாவது, கோலகங்சார் வரை போய் வாருங்கள். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பது நிறுத்தி வைப்பதைவிட மோசம். சைலன்சருக்குள் சேரும் தண்ணீர் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். பெட்ரோலை ஒரு முறை இடது டாங்கிலிருந்தும் மறுமுறை வலது டாங்கிலிருந்தும் எடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி போடுங்கள்.